பத்துத் தலைக்கு ஏழு கிணறு

திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலைகளில் ஐந்தாந்தரம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

சேர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும் வணக்கம்.

நான் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைந்து பிழைக்கிறவள். டச்சுக்குடாக் கடற்கரைக்குக் கிட்டப் பிறந்தவள். சண்டைக் காலத்தில் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடி, பிறகு திரும்பி வந்து இங்கேயே இருந்துவிட்டவள். படிப்பிக்கிற தொழில் எனக்குத் தெரியாது. ஆனால் ஐந்தாந்தரப் பிள்ளை ஒன்றின் தலைக்குள் போனது இருபத்தைந்து வருசம் கழித்து எந்த வழியால் வெளியே வரும் என்று கொஞ்சம் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எங்கள் ஊரில் இரண்டு வெட்டுப் பிரபலம். ஒன்று கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையிலே, இராவணன் வாளால் வெட்டினான் என்று சொல்கிற பாறைப் பிளவு, இராவணன் வெட்டு. மற்றது வருசா வருசம் பேப்பரில் வருகிற, ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி. முதலாவதைப் பற்றிப் பிள்ளை கேட்டால் கதை சொல்ல வீட்டில் ஆளில்லை. இரண்டாவதைப் பற்றிப் பிள்ளை கேட்காமலே எல்லோரும் சொல்கிறோம், நானும்தான்.

1987. நான் ஐந்தாந்தரம். அந்த வருசம் அப்பப்பா செத்துப்போனார். அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போனோம். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. பெரியவர்கள் கிரியை முடித்து வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருக்க, அம்மம்மா என்னைக் கல்லில் இருத்தித் தலை துவட்டிவிட்டபடி கதை சொன்னா. இராவணனின் தாய் செத்துப்போனா. அவவுக்குக் கடமை செய்யத் தண்ணீர் வேண்டும். இராவணன் வாளை எடுத்து நிலத்தில் ஏழு இடத்தில் குத்தினான், ஏழு ஊற்று வந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

"பத்துத் தலைக்கு ஏழு கிணறு எப்படி அம்மம்மா காணும்?" என்று கேட்டேன்.

அம்மம்மா துவாயைப் பிழிந்துகொண்டு கொஞ்ச நேரம் யோசித்தா. "மூன்று தலை அழுதுகொண்டு இருந்திருக்கும் பிள்ளை. குளிக்க மனம் வந்திராது" என்றா.

அடுத்த கிழமை வகுப்பில் "நான் சென்ற சுற்றுலா" என்று கட்டுரை எழுதச் சொன்னார் சேர். அந்தியேட்டிக்குப் போனது சுற்றுலாவா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கன்னியாவைப் பற்றி எழுதினேன். முதல் ஐந்து வரி ஒழுங்காகத்தான் போனது. பிறகு அந்த மூன்று தலைகள் வந்துவிட்டன. ஒரு தலை தண்ணீர் சுடுகிறது என்றது. ஒரு தலை, அம்மா இல்லாமல் யார் எனக்குத் தலை துவட்டுவது என்றது. மூன்றாவது தலை ஒன்றுமே பேசவில்லை. அது கழுத்தைத் திருப்பிக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது தலைக்கு ஏன் வசனம் கொடுக்கவில்லை என்று இன்றைக்கு யாராவது கேட்டால் தொழில்முறையில் ஒரு விளக்கம் சொல்வேன். அன்றைக்கு எனக்கு இடம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

சேர் சிவப்புப் பேனையால் அந்தப் பகுதி முழுவதையும் சுற்றிக் கோடு போட்டு, "இப்படி நடக்கவில்லை. பொய் எழுதக் கூடாது" என்று எழுதினார். பிறகு கொப்பியைப் பின்பக்கமாகப் புரட்டினார். அங்கேதான் சங்கதி கெட்டது.

கொப்பியின் கடைசி நாலு தாளிலும் நான் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை வரைந்து வைத்திருந்தேன். கிண்ணியாவுக்கு மாமா வீட்டுக்குப் போகிறபோது கண்டவை. 1930களில் வெள்ளைக்காரன் கட்டியது. இன்றைக்கும் 99 தாங்கி இருக்கிறது. காட்டுக்குள்ளே கொடி மூடி, துருப்பிடித்து, ஒவ்வொன்றும் ஒரு கோயில் மண்டபம் அளவு. பெரியவர்களுக்கு அது எண்ணெய், ஒப்பந்தம், இந்தியா, அமெரிக்கா. எனக்கு அது பூதங்களின் சோற்றுப் பானை. பானையின் பக்கவாட்டில் சுருண்டு சுருண்டு ஏறுகிற இரும்புப் படி இருக்கிறதே, அது சமையல்காரப் பூதம் உப்புப் பார்க்க ஏறுகிற படி. நாலு தாளிலும் அந்தப் படியைத்தான் திரும்பத் திரும்ப வரைந்திருந்தேன். உருண்டையான சாமானில் படி சுற்றி வருவதை வரைவது லேசில்லை. பின்பக்கம் போகிற படி தெரியக் கூடாது, ஆனால் போகிறது என்று தெரிய வேண்டும். அது சரிவரவில்லை, அதனால்தான் நாலு தாள்.

சேர் அடிமட்டத்தை வைத்து, அழகாக, ஒரு பிசிறும் இல்லாமல் நாலு தாளையும் கிழித்தார். கோபத்தில் கிழித்திருந்தால் எனக்கு இவ்வளவு ஞாபகம் இருந்திராது என்று நினைக்கிறேன். நடுவிலே கம்பி அடித்த கொப்பி உங்களுக்குத் தெரியும். பின்னால் ஒரு தாளைக் கிழித்தால் முன்னால் அதன் சோடித் தாள் கழன்றுவிடும். ஒரு மாதத்துக்குள்ளே, பிள்ளையார் சுழி போட்டு என் பெயர் எழுதியிருந்த முதல் தாள் உட்பட நாலு தாள் கொட்டுண்டு போயிற்று. அம்மா சோற்றுப்பசையால் ஒட்டினா. எறும்பு வந்தது.

அந்தச் சேரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கெட்ட மனிதர் கிடையாது. ஊரடங்கு விலக்கிய இரண்டு மணித்தியாலத்துக்குள் சைக்கிளில் வந்து, சம்பளம் இல்லாத வகுப்பு எடுத்தவர். எங்கள் வகுப்பில் அந்த வருசம் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு அவர்தான் காரணம். உதவிப் பணம் கிடைத்தது, அம்மா அதில் எனக்குச் சப்பாத்து வாங்கித் தந்தா. ஆகவே இது பழைய கணக்குத் தீர்க்கிற கடிதமென்று எடுத்துவிடாதீர்கள். அவர் கிழித்தது என்னத்தை என்று அவருக்குத் தெரியாது. எனக்கே தெரியாது, 2011 வரைக்கும்.

2011இல் கொழும்பில் ஒரு பதிப்பாளருக்குக் குயவர் ஒருவரைப் பற்றிய சிறுவர் கதைக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். சூளை வரைய வேண்டும். வரைந்து அனுப்பினேன். பதிப்பகத்துப் பிள்ளை தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, சூளைக்கு ஏன் படி வச்சிருக்கிறீங்க? போன புத்தகத்தில் கிணத்துக்கும் வெளியில படி, அதுக்கு முந்தினதில ஆலமரத்துக்கும் படி. நீங்க உருண்டையா எதைக் கீறினாலும் ஒரு படி சுத்தி வருதே."

நான் என்னுடைய பழைய வேலைகளை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன். அவள் சொன்னது சரி. படி மட்டுமா? நிறங்களையும் பார்த்தேன். எந்தக் கதைக்கு வரைந்தாலும் இரண்டு நிறம் தேடி வந்து உட்கார்ந்திருக்கிறது: துருச் சிவப்பு, அதன்மேல் படர்ந்த கொடியின் பச்சை. ஒரு விமர்சகர் அதை "கிழக்கின் நிலவண்ணம்" என்று எழுதிப் பாராட்டினார். அவரிடம் எப்படிச் சொல்வது, அது பூதத்தின் சோற்றுப் பானை ஐயா என்று.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். வளர்ந்த பிறகு ஒருவர் எழுதுவதும் வரைவதும் இசையமைப்பதும், அவர் பத்து வயதில் எதைப் பார்த்து வாயைப் பிளந்தாரோ அதிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. நாங்கள் நல்லதென்று ஊட்டியதிலிருந்து வருவது குறைவு. யாரும் ஊட்டாமல் தானாகப் போய் ஒட்டிக்கொண்டதிலிருந்து வருவதே கூட. அது பெரும்பாலும் பெரியவர்களுக்கு மதிப்பில்லாத ஏதோ ஒன்றாகவே இருக்கும்: துருப்பிடித்த தகரம், லோஞ்சின் டீசல் வாசம், பல்லியின் வால்.

உதாரணத்துக்கு எங்கள் ஊருக்கு வந்த ஒரு வெள்ளைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆதர் சி. கிளார்க், 1917இல் இங்கிலாந்தின் சமர்செட் பக்கத்தில் பிறந்தவர். சின்னப் பையனாக அவர் செய்த வேலைகள் மூன்று: இரவில் வானத்தைப் பார்ப்பது, புதைபடிவக் கற்கள் பொறுக்குவது, அமெரிக்காவிலிருந்து வருகிற மலிவுத்தாள் விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகளை விழுந்து விழுந்து வாசிப்பது. மூன்றாவதை எந்த ஆசிரியரும் நல்ல பழக்கம் என்று சொல்லியிருக்கமாட்டார். ஆனால் உலகம் அறிந்த கிளார்க் அங்கேதான் பிறந்தார். 1956இல் இலங்கைக்குக் குடிவந்தவர், மைக் வில்சன் என்ற கூட்டாளியோடு சேர்ந்து சுவாமி மலையடியில் சுழியோடினார். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் கடலடியில் கண்டார்கள். விண்வெளிக்குப் போக ஆசைப்பட்ட மனிதர் ஏன் கடலுக்குள் இறங்கினார்? தண்ணீருக்குள் உடம்பு பாரமில்லாமல் மிதப்பதுதான் விண்வெளிக்கு ஆகக் கிட்டின அனுபவம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் நடக்கவே சிரமப்பட்டபோதும் தண்ணீருக்குள் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சமர்செட் பையன் ஒருவன்தான் எங்கள் இராவணன் வெட்டுக்குக் கீழே வந்து மிதந்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன். கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் மதிலோரம் நின்று கீழே எட்டிப் பார்ப்பேன். தலை சுற்றும், அது வேறு விசயம்.

இன்னொருவர் இங்கே வரவில்லை, ஆனால் அவர் ஆசைப்பட்ட சாமான் வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலை மேல் குண்டு போட்டன. அன்றைக்கு விமானம் மோதி எரிந்த எண்ணெய்த் தாங்கி ஒன்றின் கதையை ஊரில் இப்போதும் சொல்வார்கள். குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக வந்தவை ஸீரோ என்ற போர் விமானங்கள். அந்த ஸீரோவுக்குச் சுக்கான் செய்து கொடுத்த தொழிற்சாலை ஒன்றை ஜப்பானில் ஒரு குடும்பம் நடத்தியது. அந்த வீட்டுப் பையனுக்கு அப்போது ஒரு வயது. அவர்தான் பின்னாளில் கார்ட்டூன் படங்களால் உலகம் அறிந்த ஹயாவோ மியாசாக்கி. சின்ன வயதில் அவருக்கு மனித உருவம் வரைய வராதாம். விமானம், டாங்கி, போர்க்கப்பல் என்று அவற்றையே வரைந்துகொண்டிருந்தாராம். வளர்ந்து, போரை வெறுக்கிற மனிதராக ஆனார். விமானத்தின் மேல் வைத்த ஆசை மட்டும் போகவில்லை. 1985இல் தொடங்கிய தன் நிறுவனத்துக்கு வைத்த ஜிப்லி என்ற பெயர்கூட ஒரு இத்தாலிய விமானத்தின் பெயர்தான். அவர் படங்களில் யாராவது பறக்காமல் ஒரு கதை முடிவது அருமை.

இதை நான் எடுத்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பிள்ளைப்பருவத்து ருசியில் பயமும் கலந்திருக்கிறது. எண்பதுகளில் இங்கே வளர்ந்தவர்களுக்கு ஹெலிகொப்ரர் சத்தம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லத் தெரியும். சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போவோம். அங்கே படுத்துக்கொண்டு, முகத்துக்கு நேரே இருந்த கட்டில் பலகையில் கரித்துண்டால் ஹெலிகொப்ரர் கீறுவேன். தலைக்கு மேலே நிசமானது பறக்கிறது, மூக்குக்கு மேலே என்னுடையது. என்னுடையதற்கு வால் பக்கம் மீன் செதிள் இருந்தது. அது தண்ணீரில் விழுந்தால் நீந்தும். பிள்ளை ஏன் இப்படி ஆயுதம் கீறுகிறது என்று மனம் நோகிற ரீச்சர்மார் இன்றைக்கும் இருக்கிறார்கள். பேசிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். கையில் கரித்துண்டு இருந்தவரைக்கும் எனக்கு அழுகை வரவில்லை.

சரி, ஆசிரியர்களுக்கு எழுதுகிற கடிதத்தில் நல்ல ஆசிரியர் ஒருவர் வராவிட்டால் நியாயமில்லை. எங்கள் தலைமுறைக்கு அம்புலிமாமாவில் வாளைப் பிடித்துக்கொண்டு, பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவரும் விக்கிரமாதித்தனைத் தெரியாமல் இருக்காது. அந்தப் படத்தை வரைந்தவர் சங்கர். தாராபுரம் பக்கத்தில் பிறந்து சென்னைக்கு வந்த கே. சி. சிவசங்கரன். அந்தப் பத்திரிகைக்கு ஏறக்குறைய அறுபது ஆண்டு வரைந்தார், 2020இல் காலமானார். அவரை ஓவியக் கல்லூரிக்குப் போ என்று திருப்பிவிட்டவர் அவருடைய பள்ளிக்கூட ஓவிய வாத்தியார். அந்த வாத்தியார் சொன்ன ஒரு சொல்லால், கடல் தாண்டி டச்சுக்குடாவில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் ஒரு பிள்ளை வேதாளத்தின் கால் எங்கே தொங்குகிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மாதப் புத்தகம் எங்கள் கைக்கு வரும்போது ஒரு வருசம் பழசாக இருக்கும், அட்டை இருக்காது, கடைசிக் கதையின் முடிவு கிழிந்திருக்கும். முடிவை நாங்களே சொல்லி முடித்துக்கொள்வோம். பிற்காலத்தில் முழுப் பிரதி கிடைத்து வாசித்தபோது சில முடிவுகள் எங்களுடையதைவிடச் சோடை போயிருந்தன.

இந்த இடத்தில் ஒரு தப்பபிப்பிராயத்தைத் தொட வேண்டும். மேடைக்கு மேடை "குழந்தைகளின் கற்பனைக்கு எல்லை இல்லை" என்கிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை. லெவ் வைகோட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் 1930இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கற்பனை வெறும் வெளியில் முளைப்பதில்லை, கண்டது, கேட்டது, தொட்டதை வைத்துத்தான் கட்டப்படுகிறது என்பது அவர் வாதம். பிள்ளையின் அனுபவம் சின்னது, ஆகையால் பிள்ளையின் கற்பனை வளர்ந்தவருடையதைவிடப் பெரியதாக இருக்க முடியாது. பிள்ளைக்குத் தன் கற்பனையின் மேல் நம்பிக்கை கூட, கூச்சம் குறைவு, அவ்வளவுதான். நினைத்துப் பார்த்தால், எனக்கும் பூதம் எங்கேயோ வானத்திலிருந்து வரவில்லை. ஒரு துருத்தாங்கி, அம்மம்மாவின் சோற்றுப் பானை, கதையில் வந்த பூதம், மூன்றையும் சேர்த்துக் கட்டியது. தாங்கியைக் காணாதிருந்தால் படி வந்திராது.

அப்படியென்றால் உங்கள் மாணவர்கள் எதைக் காண்கிறார்கள்?

போன வருசம் ஒரு வாசிகசாலையில் பிள்ளைகளுக்குப் படம் கீறப் பழக்கக் கூப்பிட்டார்கள். இருபதுக்கு மேலே பிள்ளைகள், எல்லாம் ஐந்தாந்தரம். முதலில் உங்கள் செல்லப்பிராணியைப் பற்றி நாலு வரி எழுதுங்கள், பிறகு கீறுவோம் என்றேன். கொப்பிகளைச் சேர்த்துப் பார்த்தால், கிட்டத்தட்ட எல்லாக் கொப்பியிலும் ஒரே நாய். பெயர் மணி. நிறம் வெள்ளை. பால் குடிக்கும், வாலை ஆட்டும், இரவில் வீட்டைக் காக்கும், நான் அதை மிகவும் நேசிக்கிறேன். முன்வாங்கில் இருந்த ஒரு பையனிடம், "தம்பி, மணி இப்ப எங்க நிக்குது?" என்று கேட்டேன்.

"எங்கட வீட்டில நாய் இல்ல மிஸ்."

"அப்ப என்ன இருக்கு?"

அவன் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். அவனுடைய வாப்பா கடற்றொழில். வலையில் அகப்பட்ட ஆமைக்குஞ்சு ஒன்றை விடுவதற்கு முதல் ஒரு இரவு சட்டியில் வைத்திருந்தார்களாம். இரவு முழுக்க அது சட்டியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டதாம். காலையில் விடப் போனபோது அது கடல் பக்கம் போகாமல் திரும்பி இவன் காலைப் பார்த்து வந்ததாம். "அது என்ர காலைக் கல்லு எண்டு நினைச்சிருக்கும் மிஸ்" என்றான். "இதை ஏன் எழுதவில்லை?" என்றேன். "அது பாடமாக்கேல்ல" என்றான்.

நான் உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. இரண்டு வினாத்தாள், 200 புள்ளி, மாவட்டத்துக்கு ஒரு வெட்டு. ஒரு பிழையும் இல்லாத ஐந்து வசனம் வேண்டும் என்றால் மணிதான் பத்திரமான நாய். கிண்ணியாவிலோ மூதூரிலோ வெருகலிலோ ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பரீட்சைதான் நல்ல பாடசாலைக்கும் மாதாந்த உதவிக்கும் இருக்கிற ஒரே கதவு. கதவை இடிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, நானும் அதே கதவால்தான் போனேன். பெற்றோர் உங்கள் கழுத்தைப் பிடிக்கிறார்கள், பெற்றோரின் கழுத்தை ரியூசன் பிடிக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு ஒரு வகுப்பு, பின்னேரம் இன்னொன்று, சனி ஞாயிறு மாதிரி வினாத்தாள். சுவாமி மலையில் மான் பார்க்கப் போக அந்தப் பிள்ளைக்கு நேரம் எங்கே? மான்கள் பாவம், அவையே நடந்து ஊருக்குள் வருகின்றன. வீதியோரம் குப்பைப் பையைக் கிளறிக்கொண்டு நிற்கின்றன. ஓட்டோவுக்குள்ளே ஐந்து பிள்ளை, மடியில் கொப்பி, பாடமாக்கிக்கொண்டு போகிறது.

பொய் எழுதக் கூடாது என்ற அந்தச் சிவப்பு வரியைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். 1895இல் தமிழின் முதல் வரலாற்று நாவலை எழுதிய த. சரவணமுத்துப்பிள்ளை இந்த ஊர்க்காரர். நாயக்கர் காலத்துக் கதை. அவர் அந்தக் காலத்தில் இருந்து பார்த்து எழுதவில்லை. கோணமாமலை மேல் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் எங்கள் கோயில்களில் இன்றைக்கும் ஓதப்படுகிறது. அவர் இங்கே வரவில்லை, இராமேசுவரத்தில் நின்றுகொண்டு கடலுக்கு அப்பால் இருந்த மலையைப் பாடினார் என்பதே மரபு. கடல் இரைவதை அவர் எப்படிக் கேட்டார்? அவருக்கு ஊர் வைத்த பெயரே ஆளுடைய பிள்ளை. மூன்று வயதில் பாடத் தொடங்கிய பிள்ளை. அவருடைய கொப்பியை யாராவது சிவப்புப் பேனையோடு எடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று சில நேரம் யோசித்து எனக்குள்ளே சிரித்துக்கொள்வேன். மன்னிக்க வேண்டும், அதிகப்பிரசங்கித்தனம்தான்.

மணி என்ற நாய் பொய். அந்த வீட்டில் நாயே இல்லை. அதற்கு நாங்கள் சரி போடுகிறோம். மூன்று தலை அழுதுகொண்டிருந்தது என்பது, செத்தவீட்டைக் கண்ட ஒரு பிள்ளை எழுதியது. என் அப்பப்பாவின் கிரியையில் என் அப்பா குளிக்காமல் ஒரு மரத்தடியில் காட்டைப் பார்த்தபடி நின்றதை நான் பார்த்தேன். அந்த மூன்றாவது தலை யாரென்று நான் கண்டுகொள்ள எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது.

அந்தத் தலைகளை வைத்துச் சில வருசங்களுக்கு முன் ஒரு படப் புத்தகம் கீறினேன். அச்சுக்குப் போகவில்லை. இராவணனை இப்படிக் காட்டலாமா என்று ஒரு பக்கம், இராவணனைக் காட்டவே கூடாது என்று மறுபக்கம். இரண்டு பக்கமும் சேர்ந்து என்னை வீட்டுக்கு அனுப்பின. மாதிரிப் பிரதியை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு மட்டும் காட்டுவேன். மூதூரில் ஒரு பிள்ளை கேட்டது: "அழுத மூன்று தலையின்ர கண்ணீரும் எங்க போச்சு? எட்டாவது கிணறு இருக்கோ?" நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். லோஞ்சில் கொட்டியாரக்குடாவைத் தாண்டி வரும்வரை அந்த எட்டாவது கிணறுதான். இப்போது புத்தகத்தை முதலிலிருந்து திரும்பக் கீறிக்கொண்டிருக்கிறேன். கேட்ட பிள்ளையின் பெயரை வாங்காமல் வந்துவிட்டேனே என்று கவலை.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் எதுவுமில்லை. ஆக்கத்திறன் என்று ஒரு பாடம் வையுங்கள் என்று கேட்கவில்லை. வைத்தால் அதற்கும் மாதிரி விடை வரும், அதற்கும் ஒரு ரியூசன் முளைக்கும். சித்திரப் போட்டி, கிண்ணம், மாலை மரியாதையும் வேண்டாம். பிள்ளை பின்பக்கத்தில் கீறியதைத் தூக்கி முன்னால் காட்டிப் புகழவும் வேண்டாம். சில பிள்ளைகளுக்குப் புகழ்ச்சி பிடிக்காது. பெரியவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தால் அந்தச் சாமானைப் போட்டுவிட்டு வேறொன்றுக்குப் போய்விடும். அந்த ஆசை அதனுடைய சொந்தச் சொத்து, அதற்கு ஒரு மறைப்பு வேண்டும். கட்டிலுக்குக் கீழே இருந்த பலகையை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அந்தப் பலகையின் அருமை.

கொப்பியின் கடைசி இரண்டு தாளை மட்டும் விட்டுவிடுங்கள். திருத்துகிறபோது அங்கே புரட்ட வேண்டாம். புரட்டினாலும் பார்க்காதது மாதிரி மூடிவிடுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை பத்துத் தலைக்கு ஏழு கிணறு எப்படிக் காணும் என்று கேட்டால், பாடத்தில் இல்லை என்று சொல்லாமல், துவாயைப் பிழிகிற நேரத்துக்கு, அவ்வளவு நேரம் மட்டும், யோசியுங்கள். பதில் வராவிட்டால் பரவாயில்லை, நீங்கள் யோசித்ததைப் பிள்ளை கண்டிருக்கும். மாதிரிக் கட்டுரை பாடமாக்கத்தான் வேண்டுமென்றால் பாடமாக்கட்டும், பரீட்சைக்கு மணி நாய் வாலை ஆட்டட்டும். கிழமையில் ஒரு நாள், புள்ளி போடாத ஒரு நாள், அந்த ஆமைக்குஞ்சுக்கும் இடம் கொடுங்கள்.

என் தங்கச்சியின் மகள் இந்த வருசம் உங்களில் ஒருவரின் வகுப்பில் இருக்கிறாள். யாருடைய வகுப்பு என்று சொன்னால் எனக்கு வீட்டில் பேச்சு விழும். கணிதத்தில் பரவாயில்லை, பின்னத்தில் மட்டும் தடக்குப்படுகிறாள். நேற்று இரவு அவளுடைய கணிதக் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைசித் தாளில் ஒரு புள்ளிமான் நின்றது. நாலு காலிலும் செருப்பு. மூன்று ஒரே நிறம், ஒன்று மட்டும் வேறு நிறம்.

"நாலு காலுக்கு ரெண்டு சோடிதானே காணும்? ஏன் மூண்டு ஒரே நிறம், ஒண்டு மட்டும் வேற நிறம்?" என்று கேட்டேன்.

"அந்த ஒண்டு அது கோயில் வாசல்ல களவெடுத்தது பெரியம்மா. அதின்ர சோடியை வீட்டில வைச்சிருக்குது" என்றாள்.

கொப்பி நாளைக்குத் திருத்த வருகிறது. பின்னக் கணக்கில் பிழை இருந்தால் தாராளமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
உட்துறைமுக வீதிப் பக்கம் குடியிருக்கும்,
படம் கீறுகிற ஒருத்தி,
திருகோணமலை.